மாஸ்டரின் மூக்கு

என் வீட்டுக்காரருக்கு ரொட்டி சுடுவதைத் தவிர வேறெதுவும் உருப்படியாகச் செய்யத் தெரியாது. இதை நான் திட்டுவதற்காகச் சொல்லவில்லை, அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வது. பல்பு மாற்றச் சொன்னால் பல்பும் உடையும், ஸ்டூலும் உடையும். ஆனால் மாவில் கை வைத்துவிட்டால் அந்தக் கை வேறு யாருடையதோ என்று தோன்றும். தராசே இல்லாமல் அவர் கிள்ளிப் போடும் உருண்டைகளை எடை போட்டுப் பாருங்கள், ஐம்பதில் ஒன்றுகூடப் பிசகாது. கடைக்கு வருகிறவர்கள், தெருக்காரர்கள், ஏன், என் அம்மாகூட அவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவாள். மாப்பிள்ளை என்று அவள் கூப்பிட்டது கல்யாணத்தன்று மட்டும்தான்.

கீழே பேக்கரி, மேலே வீடு. மேலேயே எதிர்ப்பக்கத்தில் நர்ஸ் அக்கா குடியிருந்தார். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அதிகாரத்திலிருந்து இன்னும் ஓய்வு பெறாதவர். கடையின் முன்பக்கம் என்னுடையது: கண்ணாடி அலமாரி, கவுண்டர், போன். பின்பக்கம் அவருடையது: மாவு பிசையும் மிஷின், நீள மேசை, ஓவன். பின்பக்கத்துக்கு ஒரு கதவு உண்டு, அதற்கு வெளியே மூன்று படி. அந்த மூன்று படியில் உட்கார்ந்துதான் இருபத்தாறு வருஷம் சிகரெட் பிடித்தார். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட். ஒரு ட்ரே ஓவனுக்குள் போனால் ஒரு சிகரெட், வெளியே வந்தால் ஒரு சிகரெட். "புகையை வெளியிலதானே விடறேன்" என்பார், ஏதோ ஊருக்கு உபகாரம் செய்கிற மாதிரி.

நான் கத்தாத கத்தல் இல்லை. இரண்டு தடவை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தார். முதல் தடவை ஒன்பதாம் நாள் மைதா மூட்டையை நகர்த்தினேன், பின்னால் பாக்கெட் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டாவது தடவை ஒரு மாதம் முழுக்க என்னை நம்ப வைத்தார். குளியலறை ஜன்னல் விளிம்பில் சாம்பலைப் பார்த்தபோதுதான் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று தெரிந்தது. இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் செய்யப்போகிற காரியத்துக்கு எனக்கு இருக்கிற சாக்கு இது ஒன்றுதான்.

அவரை உண்மையிலேயே உலுக்கியது என் கத்தல் இல்லை, ஒரு வெண்ணெய் டின். ஒரு நாள் ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் போன பன் அத்தனையும் திரும்பி வந்தது. வெண்ணெய் கெட்டுப்போன நாற்றம். நான் டின்னைத் திறந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. அதே டின்னுக்குள் காலையில் முழங்கை வரை விட்டு அள்ளிய மனிதர், டின்னை மூக்கருகில் கொண்டுபோய், விலக்கி, மறுபடி கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையே" என்றார்.

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்ட குழந்தையின் குரல். மாவு புளித்த பதமா, புளிப்பு தாண்டிவிட்டதா, ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா, எல்லாவற்றையும் மூக்குதான் சொல்ல வேண்டும். ரொட்டிக்காரருக்கு மூக்கு போனால் பிறகு கை இருந்து என்ன, ஓவன் இருந்து என்ன?

நர்ஸ் அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து, கேட்காமலே தீர்ப்புச் சொன்னார். "புகை உங்க மூக்கைத் தின்னுடுச்சு தம்பி. இப்ப விட்டா மூக்கு திரும்பி வரும். விடலேன்னா அடுத்தது நெஞ்சு. அது திரும்பி வராது."

அன்று சாயங்காலம் என் தம்பி வந்தான். எங்கள் வேனை ஓட்டுகிறவன் அவன்தான். காலையில் ஆஸ்பத்திரி, பிறகு பள்ளிக்கூடம், அப்புறம் நாலைந்து கடைகள் என்று சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பான். அவனும் சிகரெட்காரன்தான். எனக்கு எட்டு வயது இளையவன், நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அவன் மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, தனியா விட்டா உங்களால முடியாது. நானும் விடறேன். ரெண்டு பேரும் ஒரே நாள்ல விடலாம். உங்களுக்கு எப்ப வேணும்னு தோணுதோ அப்ப என்னைக் கூப்பிடுங்க, எங்க இருந்தாலும் வரேன்" என்றான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இப்போது நினைத்தால் எரிகிறது.

மறுநாள் காலை இரண்டு பேரும் பாக்கெட்டுகளைப் பாத்திரம் கழுவும் அழுக்குத் தண்ணீர் வாளியில் போட்டார்கள். நர்ஸ் அக்கா சாட்சி. ஓவனுக்குப் பக்கத்துச் சுவரில் நான் இரண்டு கோடு இழுத்தேன். மேல் கோடு அவருக்கு, கீழ்க் கோடு தம்பிக்கு. சிகரெட் இல்லாமல் ஒரு நாள் போனால் மறுநாள் காலையில் அவரவர் வரிசையில் ஒரு கரிக்கோடு போட வேண்டும். வேனில் ட்ரே ஏற்றுவதற்குமுன் அதுதான் முதல் வேலை.

முதல் பத்து நாள் எப்படிப் போனது என்று என்னிடம் கேட்காதீர்கள், மாவு பிசையும் மிஷினிடம் கேளுங்கள். நாலாம் நாள் அதைப் பார்த்து, "உனக்கு என்னடா அவ்வளவு திமிரு?" என்று கேட்டவர் அவர். உப்பு டின்னை நான் இரண்டு விரல் தள்ளி வைத்ததற்காக அரை நாள் என்னோடு பேசவில்லை. நர்ஸ் அக்கா, அந்தத் தவிப்பு ஐந்து நிமிஷம்தான் இருக்கும், அந்த ஐந்து நிமிஷம் சும்மா உட்காரக் கூடாது, நடக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அது வந்ததும் என் வீட்டுக்காரர் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அதுதான் அடையாளம். தம்பி இருந்தால் உடனே கூடப் போவான். தெருமுனைத் தபால் பெட்டி வரைக்கும் போய், அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்புவார்கள். தம்பி இல்லாத நேரத்தில் வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு நான் ஓடுவேன். நர்ஸ் அக்காவே முட்டி வலியோடு இரண்டு தடவை போயிருக்கிறார். சில நாள் பதினைந்து நடை. அந்தத் தபால் பெட்டிக்கு எங்களால்தான் பெயிண்ட் உரிந்தது.

ஆனால் மனிதர் தாக்குப்பிடித்தார். சுவரில் மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஜோடியாக நீண்டுகொண்டே போயின.

நாற்பத்தோராம் நாள் நான் அவருக்கு டீ கொண்டுபோனேன். திரும்பும்போது கையைப் பிடித்து நிறுத்தினார். என் தலையருகே குனிந்து மோந்தார். பட்டப்பகலில், ஓவன் முன்னால், இந்த வயதில்.

"இவ்வளவு வருஷமா இந்த எண்ணெயா தேய்க்கிறே?"

"ஏன், நாறுதா?"

"இல்ல. நல்லா இருக்கு" என்றார். கண் கலங்கிவிட்டது. அவருக்கும்தான், எனக்கும்தான். பிறகு பேக்கரி முழுக்க ஒரு சுற்று வந்தார். ஈஸ்ட் டப்பாவைத் திறந்து மோந்தார், ஈரத் துணியை மோந்தார், மரமேசையை மோந்தார், நர்ஸ் அக்காவின் வலித்தைலத்தைப் படிக்கட்டிலேயே கண்டுபிடித்து அவரைக் கடுப்பேற்றினார். அந்த வாரம் அவர் சுட்ட ரொட்டி மாதிரி அதற்குமுன் நான் சாப்பிட்டதில்லை.

அந்த நாட்களில் ஒரு விஷயம் நடந்தது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ட்ரே ஏற்றிக்கொண்டிருந்த தம்பியின் தோளருகே அவர் மூக்கைச் சுருக்கினார்.

"மாப்ளே, உன் மேல லேசா அடிக்குதே."

"மெக்கானிக் கடையில நின்னுட்டு வந்தேன் மாமா. அங்க எல்லாரும் ஊதித் தள்ளுறாங்க." சொல்லிவிட்டு வாயிலிருந்த கிராம்பைக் கடித்தான். சிகரெட்டை விட்ட நாளிலிருந்து அவன் கிராம்புதான் மென்றுகொண்டிருந்தான்.

"அப்படியா, சரி" என்றார் அவர். அவ்வளவுதான். மறு கேள்வி இல்லை. அவன் சொன்னான், அவர் நம்பினார்.

ஐந்தாவது மாதக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் சூரியனையே பார்க்கவில்லை. அந்த மழைக்கு நடுவில்தான் கேன்டீன் மேனேஜர் அம்மா போன் செய்தார். நல்ல மாதிரிப் பெண்மணி, குரலை உயர்த்தாதவர்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பன்ல சிகரெட் நாத்தம் அடிக்குது. நோயாளிங்க சாப்பிடறது. எல்லாத்தையும் திருப்பி அனுப்பறேன்."

போனை வைத்துவிட்டு நேராகப் பின்பக்கம் போனேன். அவர் பாட்டுக்கு மாவு வெட்டிக்கொண்டிருந்தார். ஏதாவது கேட்டேனா? இல்லை. ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து அதன் பையைத் துழாவினேன். சிகரெட்டுக்குப் பதிலாக அவர் மெல்லும் கேரட் துண்டு இரண்டு கிடைத்தது.

"என்ன தேடறே?"

"மூட்டைக்குப் பின்னாடியா, குளியலறையிலயா? இந்தத் தடவை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், "நான் தொடலை" என்றார். "உன் மேல சத்தியமா தொடலை."

"போன தடவையும் என் மேலதான் சத்தியம் பண்ணீங்க."

அன்று மத்தியானம் நீள மேசையைச் சுற்றி நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தோம், அவர் நின்றார். திரும்பி வந்த பன் ட்ரே நடுவில் இருந்தது. நர்ஸ் அக்கா ஒன்றைப் பிட்டு மோந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "தம்பி, இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல. பாதிப் பேர் வழுக்கித்தான் விழுவாங்க. ஒத்துக்கிட்டா மேல போகலாம்."

"ஒத்துக்க என்ன இருக்கு? நான் குடிக்கலை."

"அப்போ பன்ல எப்படி வந்துச்சு? பன் போய் வாங்கிக் குடிச்சுதா?" என்று கேட்டேன் நான். என் வாய் அப்படி.

அப்போது தம்பி எழுந்தான். அவர் அருகில் போய்த் தோளில் கையை வைத்தான். "விடு அக்கா, மாமாவைத் திட்டாதே. மாமா, ஒரு தடவை தவறுறது சகஜம்தான். பரவாயில்ல, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்போம். நான் கூட இருக்கேன்."

அந்தக் கையை நான் நன்றியோடு பார்த்தேன். என் தம்பிக்கு எவ்வளவு பொறுமை, எவ்வளவு பெரிய மனசு என்று. அவர் எங்கள் மூன்று முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு முகத்திலாவது ஏதோ ஒன்றைத் தேடினார். அது யாரிடமும் இல்லை.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆத்திரம் யாரை விட்டது? ஈரத் துணியை எடுத்துப்போய் சுவரில் மேல் வரிசையை அழித்தேன். நூற்று நாற்பத்தெட்டுக் கோடுகள். கரி லேசில் போகவில்லை, அழுத்தித் தேய்த்துத் தேய்த்து அழித்தேன். தம்பியின் கீழ் வரிசை மட்டும் அப்படியே நின்றது. அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அன்றிலிருந்து அவர் எதற்கு வெளியே போய்விட்டு வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, "கையைக் காட்டுங்க" என்பேன். விரல்களை மோந்து பார்ப்பேன். சிகரெட்காரனின் விரல் பொய் சொல்லாது. அவர் விரலில் மாவு வாசனைதான் வந்தது. நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க ஆரம்பித்துவிட்டால் எல்லாமே ஆதாரம்தான்.

அவர் நடைக்கு யாரையும் கூப்பிடுவதை நிறுத்தினார். ஏப்ரன் ஆணிக்குப் போவதே இல்லை. மூன்றாம் நாள் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து, உப்பு டின் மேல் ஒரு சிகரெட் பாக்கெட்டை வைத்தார். புதுசு, பிரிக்காதது. ஒளிக்கவில்லை, எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"குடிக்காமலே குடிச்சவன்னு பேர் வாங்கியாச்சு. குடிச்சிட்டே வாங்கலாமேன்னு பார்க்கறேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாவு உருட்டும்போது கண் அந்த டின் மேலேயே இருந்தது. ட்ரே உள்ளே போனதும் கை அந்தப் பக்கம் நீளும். பாக்கெட்டை எடுப்பார், புரட்டிப் பார்ப்பார், அந்த மெல்லிய கண்ணாடித் தாளின் நுனியை நகத்தால் நிமிண்டுவார், வைத்துவிடுவார். அது கிழிந்துவிட்டால் ஐந்து மாதமும் போச்சு, மூக்கும் போச்சு என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? 'இது நாடகம், உண்மையில் வேறெங்கோ குடிக்கிறார், என் வாயை அடைக்க இங்கே ஒன்றை வைத்திருக்கிறார்.' கட்டிய மனுஷனைப் பற்றி அப்படி நினைத்தேன்.

ஐந்தாம் நாள் கேன்டீனிலிருந்து இரண்டாவது தடவை பன் திரும்பி வந்தது. மேனேஜர் அம்மா, இன்னொரு தடவை இப்படியானால் வேறு பேக்கரி பார்த்துக்கொள்வதாக மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது. நான் என் வீட்டுக்காரரைக் கரித்துக்கொட்ட வாயைத் திறந்தேன். அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஒரு பன்னை எடுத்து நடுவில் பிட்டு மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ரொம்ப நேரம் அப்படியே நின்றார். பிறகு மேல் தோலைத் தனியாக உரித்து மோந்தார், உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியைத் தனியாக மோந்தார்.

"இங்க வா" என்றார். "உள்ளே மோந்து பாரு. இப்ப மேலே மோந்து பாரு."

உள்ளே பன் வாசனைதான். நாற்றம் மேல் தோலில் மட்டும் இருந்தது.

"நான் பிசையறப்பவோ சுடறப்பவோ குடிச்சிருந்தா இது உள்ளேயும் இருக்கும். இது சுட்டதுக்கு அப்புறம் ஏறினது. சூடான ரொட்டி பக்கத்துல இருக்கற வாசனையை எல்லாம் இழுத்துக்கும். ஓவன் பக்கத்துல வெங்காயம்கூட வைக்க விட மாட்டேனே, எதுக்கு?"

எனக்குத் தெரியும். கல்யாணமான முதல் வாரமே திட்டு வாங்கித் தெரிந்துகொண்டது அது. ஆனாலும் நான் விடவில்லை. "சுட்டதுக்கு அப்புறம்னா? அப்போ ட்ரே எங்க இருக்கு? ஓவன்லேர்ந்து நேரா..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. ஓவனிலிருந்து நேராக எங்கே போகும் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

"என் தம்பி மேல பழி போடாதீங்க" என்றேன். குரலில் பலமில்லை.

"நான் யார் மேலயும் போடலை. நாளைக்கு ஒரே ட்ரேல ஆறு பன் எடுத்து அலமாரியில வை. மிச்சம் வேன்ல போகட்டும். அவன் ஆஸ்பத்திரி வாசல் போனதும் நீ போன் பண்ணி, எண்ணிக்கை தப்பிடுச்சு, இறக்காம அப்படியே கொண்டுவான்னு சொல்லு. அப்புறம் நீயே மோந்து பாரு. என் மூக்கை நம்ப வேண்டாம்."

மறுநாளும் மழைதான். அவர் சொன்னபடியே செய்தேன். தம்பி வேனைக் கொண்டுவந்து பின்கதவில் நிறுத்தினான். ட்ரேயை இறக்கினான். ஒரு பன் எடுத்தேன், அலமாரியிலிருந்து ஒன்று எடுத்தேன். இரண்டையும் மோந்து பார்க்க நர்ஸ் அக்காவும் தேவையில்லை, டாக்டரும் தேவையில்லை. ட்ரேயை மூடியிருந்த துணியை எடுத்து முகத்தில் வைத்தேன். இருபத்தாறு வருஷம் நான் துவைத்த சட்டைகளின் நாற்றம்.

தம்பி கிராம்பு மென்றுகொண்டு, "என்ன அக்கா, எண்ணிக்கை சரியாயிடுச்சா?" என்று கேட்டான்.

மழையில் இறங்கி வேன் கதவைத் திறந்தேன். டிரைவர் சீட்டுக்குக் கீழே கையை விட்டேன். ஒரு பழைய பால்பவுடர் டப்பா வந்தது. எங்கள் பேக்கரி டப்பாதான். மூடியைத் திறந்தால் தண்ணீரில் ஊறிய சிகரெட் துண்டுகள், விளிம்பு வரைக்கும்.

அதை நீள மேசையில் கொண்டுவந்து வைத்தேன். தம்பி முகத்தில் ரத்தமே இல்லை. "எவ்வளவு நாளா?" என்று கேட்டது நான்தான். அவர் ஓவன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பத்தொன்பது நாள் நிஜமாவே இருந்தேன் அக்கா. சத்தியமா. அப்புறம் முடியலை."

"பத்தொன்பது நாளா? சுவர்ல நூத்தி ஐம்பது கோடு போட்டிருக்கியேடா!"

அவன் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துப் பேசினான். "மாமா, நான் விட்டதைப் பார்த்துதானே நீங்களும் பிடிவாதமா இருந்தீங்க? நான் மறுபடி ஆரம்பிச்சிட்டேன்னு தெரிஞ்சா நீங்களும் ஆரம்பிச்சிடுவீங்கன்னு பயந்தேன். தபால் பெட்டி வரைக்கும் நடக்கறப்ப எல்லாம் சிகரெட்டைப் பத்தியேதானே பேசுவோம்? உங்களுக்கு அடங்கிடும், எனக்குக் கிளம்பிடும். உங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டு வேன்ல போய் ஒண்ணு பத்தவைப்பேன். ஜன்னலைத் திறந்து வச்சுதான் மாமா குடிப்பேன். இந்த மழையில திறக்க முடியலை."

அவர் எல்லாவற்றையும் கேட்டார். தலையைக்கூட ஆட்டினார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அது புரியுது மாப்ளே" என்றார். "எனக்காகத்தான் மறைச்சே, சரி. அது பொய்தான், ஆனா அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா அன்னிக்கு இந்த மேசையில எல்லாரும் என்னைக் கள்ளன்னு சொன்னப்ப என் தோள்ல கை வச்சியே. அது எதுக்கு?"

தம்பி அந்த டப்பாவின் மூடியை எடுத்தான். மூடினான். பதில் வரும் என்று அவர் உண்மையாகவே காத்திருந்தார். வரவில்லை.

அவர் உப்பு டின்னிடம் போனார். பாக்கெட்டை எடுத்தார். எனக்கு உயிரே இல்லை. ஆனால் அவர் அதைத் தம்பியிடம் நீட்டினார்.

"இந்தா. பிரிக்கலை. குடிக்கறவன் நீதானே, நீயே வச்சுக்கோ."

அவன் வாங்கிக்கொண்டான். வேறென்ன செய்வான்? போகும்போது அந்த ஈரத் துணியை எடுத்து, கீழ் வரிசையைத் தானே அழித்துவிட்டுப் போனான். சுவர் இரண்டு வரிசையும் இல்லாமல் கறுப்பாக அப்பிக்கொண்டு நின்றது. இப்போது அவன் ஒரு பெயிண்ட் கடைக்கு லாரி ஓட்டுகிறான். அம்மாவைப் பார்க்க வரும்போது கடைப்பக்கமும் தலையைக் காட்டுவான். "வா மாப்ளே" என்பார் இவர், "வரேன் மாமா" என்பான் அவன். நடுவில் வேறு பேச்சு இல்லை. அவனை நான் மன்னித்துவிட்டேனா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இடுப்பில் தூக்கி வளர்த்தவனாயிற்றே, இடுப்பு மறக்க மாட்டேன் என்கிறது. ஆனால் மனசு ஆறவில்லை. என் கையாலேயே என் புருஷனை அடிக்க வைத்தவன் அவன்.

நர்ஸ் அக்கா இறங்கி வந்து, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, "தப்பு என் மேலதான் தம்பி" என்றார். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. அழுதேன். காலில் விழாத குறை. கரித்துண்டை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனேன், அழித்ததையெல்லாம் திரும்பப் போட. பத்தோ பன்னிரண்டோ போட்டிருப்பேன். அவர் என் கையிலிருந்து கரியை வாங்கிக்கொண்டார்.

"வேண்டாம். அத்தனையும் நீ போட்டா அது உன்னோடது. நான் இருந்தது இருந்ததுதான்."

"என்மேல கோபமா?"

"இல்ல. ரெண்டு தடவை ஏமாத்தினவன்தானே நான். விடு."

விடு என்று சொல்லிவிட்டார். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்றுவரைக்கும் அவர் சிகரெட்டைத் தொடவில்லை. மூக்கு முன்னைவிடக் கூர்மை. கேன்டீன் மேனேஜர் அம்மா இப்போது எங்கள் பன்னை வீட்டுக்கும் வாங்கிப்போகிறார். எப்போதாவது, மழை நாளிலோ, மாவு சரியாக எழும்பாத நாளிலோ, அவர் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். எனக்கு அது கவுண்டரிலிருந்தே தெரியும். "கூட வரட்டுமா?" என்று எழுந்துவிடுவேன். "வேண்டாம், கடையைப் பாரு" என்று தனியாகப் போவார். தபால் பெட்டியைத் தட்டிவிட்டுத் தனியாகத் திரும்புவார். அந்தச் சனியன் பிடித்த பழக்கத்தை அவர் ஜெயித்தேவிட்டார். எங்கள் யாருடைய தயவும் இல்லாமல் ஜெயித்தார் என்பதுதான் எனக்கு விழுந்த அடி.

ஆனால் ஒன்று. வெளியே போய்விட்டு எப்போது வந்தாலும், கடைத்தெருவோ, முடிதிருத்தும் கடையோ, தபால் பெட்டியோ, வாசலில் வந்து நின்று இரண்டு கையையும் என் முன்னால் நீட்டுவார். கோபமாக இல்லை, கேலியாகவும் இல்லை. செருப்பைக் கழற்றுவது மாதிரி, அது பாட்டுக்கு நடக்கும்.

"உள்ள வாங்க, எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். கெஞ்சிப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் கத்தியும் பார்த்தேன். வாடிக்கையாளர்கள் காத்திருந்தாலும், மழை முதுகில் கொட்டினாலும், நான் குனிந்து மோந்து பார்க்கும்வரை அவர் கையை எடுப்பதில்லை.